மப்ளர் சுற்றிய அசேலியா

போன மாதம் நான் நர்சரிக்கு வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இருவரும் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனீர்கள். வடக்குச் சுவரோரம் வரிசையாக நிற்கிற போன்சாய் மரங்களைக் காட்டி ஒரு கேள்வி கேட்டீர்கள். "அண்ணை, இந்தக் குளிருக்குள்ள இதுகளை ஏன் வெளியில விட்டிருக்கினம்? உள்ளுக்கு எடுத்து வைக்க ஏலாதோ?" நான் சிரித்துவிட்டேன். உங்கள் முகம் வாடியதைப் பிறகுதான் கவனித்தேன். உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அதே கேள்வியை அதே சுவரோரம் நின்று நானும் ஒரு காலத்தில் கேட்டவன். கேட்டதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, செய்தும் தொலைத்தேன். அந்தக் கதையை எழுதித் தருகிறேன் என்று அன்றைக்குச் சொன்னேன். இதோ எழுதுகிறேன்.

மண் கலப்பது, வேர் வெட்டுவது, கம்பி சுற்றுவது இதெல்லாம் சொல்லித்தர அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். என்னிடம் இருப்பது ஒரு பிழையின் கதை. அதைச் செய்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. ஆகவே இளரத்தம், துடிப்பு என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

லண்டனில் எனக்கு முதல் குளிர்காலம் மனோர் பார்க்கில் கழிந்தது. நாலு பேர் சேர்ந்து எடுத்த ஒரு அறை. ஹீற்றர் வேலை செய்யாது. கோட்டைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் போர்வை, போர்வைக்கு மேல் மற்றவனுடைய கோட்டு என்று படுப்போம். காலையில் எழுந்தால் காது மடல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன். பிறகு பெற்றோல் நிலையத்தில் சில வருடம் வேலை செய்தேன். அதன் பிறகுதான் மோர்டனிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் இந்த நர்சரி. ஆனாலும் அந்த முதல் குளிர் என் எலும்பைவிட்டுப் போகவே இல்லை. குளிர் என்றால் எனக்கு ஒரு எதிரி. யாருக்காவது குளிர்கிறது என்று கேள்விப்பட்டால் கை தானாக எதையாவது தேடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு வேண்டும்.

அப்போது எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. அறுபதை நெருங்கியவர். பேச்சு மிகக் குறைவு. யார் எதைக் கேட்டாலும் முதலில் சட்டி மண்ணில் ஒரு விரலை விடுவார், பிறகுதான் வாயைத் திறப்பார். குளிர்காலத்தில் வீட்டில் இடமில்லாதவர்களும், வெளியூர் போகிறவர்களும் தங்கள் போன்சாய் மரங்களை எங்களிடம் கொண்டுவந்து விடுவார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பொறுப்பாளர் எனக்கு அந்த வேலையைத் தரும்போது சொன்ன ஒரே புத்திமதி, "இவை விருந்தாளிகள் இல்லை, தூங்குகிறவர்கள். எழுப்பாதே" என்பதுதான். ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு ஆங்கிலம் விளங்கியது, புத்திமதி விளங்கவில்லை.

இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு ஒக்டோபர் மாதம், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலை, கடைக்குச் சாமான் வாங்கப் போகிற சக்கரப் பையை இழுத்துக்கொண்டு ஒரு தமிழ் அம்மா வந்தார். பைக்குள் மரக்கறி இருக்கும் என்றுதான் நினைத்தேன். திறந்தால் ஒரு அசேலியா. முழங்கை உயரம்தான் இருக்கும், ஆனால் அடிமரம் என் மணிக்கட்டை விடத் தடிப்பு. இருபது வருடத்துக்கு மேல் யாரோ பொறுமையாக வளர்த்த மரம். அதற்குக் கழுத்து, காது எல்லாம் மூடி ஒரு சாம்பல் நிற மப்ளர் சுற்றியிருந்தது. மோர்டனில் இருந்து வந்தவர் என்பதால் எங்கள் வீட்டில் அன்றிலிருந்து அவருக்கு மோர்டன் அக்கா என்றே பெயர்.

"தம்பி தமிழோ?" என்றார். "ஓம் அக்கா" என்றேன். அவ்வளவுதான், பக்கத்திலிருந்த பூச்சட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் இருந்துவிட்டார்.

"இது இவர் வளத்த மரம். இவர் போன ஜூன் மாசம் மோசம் போயிட்டார் தம்பி. அண்டைக்கு இது முழுக்கப் பூத்து நிண்டது, ஒரு இலை தெரியேல்லை. எனக்கு இதைப் பற்றி ஒண்டும் தெரியாது. அவர் என்னைத் தொட விடுறேல்லை. இப்ப இலை மஞ்சளிக்குது."

மஞ்சளித்ததற்குக் காரணம் கொஞ்ச நேரத்தில் வெளிவந்தது. அவர் கணவர் தோட்டத்தில் ஒரு பீப்பாயில் மழைத்தண்ணீர் சேர்த்து வைத்து, அதைத்தான் மரத்துக்கு ஊற்றியிருக்கிறார். முப்பத்தோராம் நாள் அந்தரட்டிக் கிரியை முடிந்த கையோடு அக்கா அந்தப் பீப்பாயைக் கவிழ்த்துக் கழுவிவிட்டார். "தேங்கின தண்ணியில நுளம்பு பெருகும் எல்லோ" என்றார். லண்டனில் நுளம்பு. அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீர். லண்டன் குழாய்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் தெரியும். அசேலியாவுக்கு அது ஆகாது. நல்ல வேளையாக மரம் முழுதாகக் கெட்டிருக்கவில்லை. ஒவ்வொரு கிளை நுனியிலும் அடுத்த வருடத்து மொட்டு, நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிதாக, இறுக மூடிக்கொண்டு இருந்தது.

"தம்பி, வாற ஜூனில அவர் போய் ஒரு வருசம், ஆட்டைத் திவசம்" என்றார் அக்கா. "அண்டைக்கு இது பூக்க வேணும். பூவோட அவற்ற படத்துக்கு முன்னால வைக்கோணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

"பூக்கும் அக்கா. நான் பொறுப்பு" என்றேன்.

என் முதல் பிழை அந்த இடத்தில்தான் நடந்தது. மரத்தைக் கேட்காமல் மரத்தின் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் ஆட்களுக்கு முன்னால் "பார்ப்பம்" என்று சொல்ல வாய் வராது. அது கல்நெஞ்சாகத் தெரியும். பொறுப்பாளர் வந்து என்ன பேசினீர்கள் என்று கேட்டபோது, திவசம், பூ எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். என் வாக்கை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

மரத்தைப் பின்பக்கம், அந்த வடக்குச் சுவரோரம், காற்றுப் படாத பொலித்தீன் கூடாரத்துக்குள் வைத்தோம். ஹீற்றர் கிடையாது. சட்டியை மரப்பட்டைத் தூளுக்குள் கழுத்துவரை புதைத்துவிடுவோம், வேர் உறைந்து இறுகாமல் இருக்க அது போதும். மப்ளரைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "இருக்கட்டும், தேவைப்படும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தேநீர் அறையில் ஒரு ஆணியில் அதைத் தொங்கவிட்டேன்.

ஜனவரியில் பொறுப்பாளருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை. மூன்று வாரம் வரமாட்டார். போவதற்கு முன் மரங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, சந்தேகம் வந்தால் வீட்டுக்குக் கூப்பிடு என்று தொலைபேசி எண்ணைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். அவர் போன கையோடு குளிர் பிடித்துக்கொண்டது. நாள் முழுக்க உறைநிலைக்கு மேல் ஏறாத குளிர். வாளித் தண்ணீர் கல்லாகிவிட்டது.

அந்த வாரம் ஒரு நாள் மத்தியானம் மோர்டன் அக்கா மரத்தைப் பார்க்க வந்தார். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது, குறைந்தது முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டும். குளிரில் அசேலியாவின் இலை செம்பு நிறமாகிவிடும். பாதி இலை கொட்டிவிடும். நுனியில் மொட்டைச் சுற்றி ஒரு சிறு கொத்து மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் பூத்துக் குலுங்கியதை மட்டுமே பார்த்தவருக்கு அது சாகக் கிடப்பதாகத்தான் தெரியும். அக்கா குனிந்து மண்ணைத் தொட்டார். மண் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது.

"நடுங்குது தம்பி" என்றார்.

"இல்லை அக்கா, மரம் நடுங்காது."

அவர் கேட்கவில்லை. விரலில் பட்ட பனியைக் கோட்டில் துடைத்தார். பிறகு, "ஆசுபத்திரியில கடைசி நாள் இவர் கால் குளிருது, கால் குளிருது எண்டவர். ஜூன் மாசம், வெளியில நல்ல வெயில். நான் நேர்ஸிட்ட இன்னொரு போர்வை கேட்டு வாங்கிக்கொண்டு வாறதுக்குள்ள முடிஞ்சுது" என்றார். "இதையாவது உள்ளுக்கு எடும். உம்மைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

என்னை விட வயதில் மூத்த ஒரு பெண் என் முன்னால் கையைக் கூப்பினார். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு மனோர் பார்க் அறை நினைவுக்கு வந்தது. தூங்குகிறவர்களை எழுப்பாதே என்ற சொல்லும் வந்தது, ஆனால் பின்னால்தான் வந்தது, மெல்லமாகத்தான் வந்தது. சுவரில் எண் ஒட்டியிருந்தது. பொறுப்பாளரைக் கூப்பிடலாம். ஆனால் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் மனுசியை ஒரு பூச்சட்டிக்காகத் தொந்தரவு செய்வதா? எங்கள் வளர்ப்பில் அது பண்பில்லை. இப்படி நினைத்து, பண்போடு, மரத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தேநீர் அறையில் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தேன். கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினேன். அக்கா ஆணியிலிருந்து மப்ளரை எடுத்துச் சட்டியைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

எட்டாம் நாள் மொட்டு பருத்தது. பத்தாம் நாள் பக்கத்தில் பச்சைத் துளிர். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அக்கா நாள் தவறாமல் தொலைபேசி எடுப்பார், நானும் சுடச்சுடச் செய்தி சொல்வேன். "துளிர் விட்டிட்டுது அக்கா." அவர் அதை மோர்டன் முழுக்கச் சொல்லியிருக்கிறார். கோயிலில் ஒருவர் என்னைக் கண்டு, "நீங்கள்தானே அந்தக் கைராசிக்காரர்" என்று கேட்டார். நான் மறுக்கவில்லை. இத்தனை வருடமாக இந்த வெள்ளைக்காரர் குளிரில் நிறுத்தி வதைத்த மரங்களை நினைத்துப் பரிதாபப்பட்டேன் என்றுகூடச் சொல்ல வேண்டும்.

பதினைந்தாம் நாள் காலை தேநீர் போட வந்தபோது, ஹீற்றருக்கு மேல் ஒரு மொட்டு விழுந்து கிடந்தது. மண்ணிறம். தொட்டதும் பொடியாகிவிட்டது. அப்போதுதான் மரத்தைச் சரியாகப் பார்த்தேன். துளிர்கள் எல்லாம் வெளிறி, நீண்டு, வெளிச்சத்தைத் தேடி யன்னல் பக்கம் சாய்ந்திருந்தன. இடப்பக்கத்துக் கீழ்க்கிளையில் இலைகள் ஓரம் சுருண்டிருந்தன. நடு ஜனவரியில் அதற்கு இளவேனில் வந்துவிட்டது என்று நான் பொய் சொல்லியிருக்கிறேன், அதுவும் நம்பியிருக்கிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

அடுத்த திங்கட்கிழமை பொறுப்பாளர் ஊன்றுகோலோடு அரைநாள் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை. இனி நான் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். இந்த ஒரு இடத்துக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

என் மனதில் முதலில் வந்தது மரம் இல்லை. திங்கட்கிழமைதான் வந்தது. மரத்தை இப்போதே பின்பக்கம் கொண்டுபோய்ப் பழைய இடத்தில் புதைத்துவிட்டால்? விழுந்த மொட்டைப் பெருக்கித் தள்ளிவிட்டால்? கூடாரத்துக்குள் நிறைய மரங்கள். ஒன்று வாடினால், இந்தக் குளிரில் அப்படித்தான் என்று சொல்லிவிடலாம். பொறுப்பாளரும் நம்புவார், அக்காவும் நம்புவார். திரும்ப வெளியில் வைக்கச் சொன்னார்கள் என்று அக்காவிடம் சொன்னால், அவர் குளிர்தான் கொன்றது என்றே நம்பி என்னோடு சேர்ந்து அழுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்த அந்தக் கணத்தில், மப்ளரை அவிழ்த்து, சட்டியைத் தூக்கி, கதவுவரை போய்விட்டேன்.

கதவைத் தோளால் தள்ளித் திறந்தேன். காற்று முகத்தில் அறைந்தது. கைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு துளிர் அந்தக் காற்றில் துடித்தது. எனக்கு ஒன்று தெளிவாக விளங்கியது. பதினைந்து நாளைக்கு முன் அந்த மரம் இந்தக் குளிருக்கு ஆயத்தமாக இருந்தது. அந்த ஆயத்தத்தை நான் கழற்றிவிட்டேன். இப்போது வெளியில் வைத்தால் இந்த இளந்துளிர்களும் மொட்டும் ஒரே இரவில் கருகும், வேரும் தாங்காது. என் பிழை மறையும், ஆனால் மரம் செத்துத்தான் அதை மறைக்கும். கதவைச் சாத்தினேன். சட்டியை மேசையில் வைத்தேன். சுவரில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன்.

பொறுப்பாளர் முழுவதையும் கேட்டார். பிறகு மூன்று கேள்வி கேட்டார். எத்தனை நாள்? மொட்டில் நிறம் தெரிகிறதா? மண் எவ்வளவு ஈரம்? பதில் சொன்னேன்.

"வெளியில் வைக்காதே. அந்த அறையிலும் வைக்காதே. பொதி கட்டும் அறையில் ஹீற்றர் இல்லை, ஆனால் உறையாது. அங்கே யன்னலோரம் வை. பருத்த மொட்டுகளையும் துளிரையும் எல்லாம் கிள்ளிவிடு."

"எல்லாவற்றையுமா?"

"எல்லாவற்றையும். வேரில் இருக்கிற பலத்தைப் பூவுக்குச் செலவழித்தால் மரம் பிழைக்காது."

"அந்த அம்மாவுக்கு ஜூனில் பூ வேண்டும்" என்றேன். அப்போதுதான், மூன்று மாதம் கழித்து, என் வாக்கையும் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"அப்படியானால் கிள்ளுவதற்கு முன் அவரைக் கூப்பிடு. மரம் அவருடையது. நீயே சொல்ல வேண்டும், நான் சொல்லமாட்டேன்" என்றார்.

அக்காவைக் கூப்பிட்டேன். வழக்கம்போல, "என்ன தம்பி, பூத்திட்டுதோ?" என்றுதான் எடுத்தார். அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்ட பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியாது. சொல்லி முடித்தேன். பூவா, மரமா என்ற நிலைமை என்றும் சொன்னேன்.

"அப்ப நான் கேட்டதாலதான் இது வந்ததோ?" என்றார்.

"இல்லை அக்கா. நீங்கள் கேட்டனீங்கள், செய்தது நான். கேக்கிறது உங்கட உரிமை. ஏலாது எண்டு சொல்லுறது என்ர வேலை. நான் சொல்லேல்லை."

அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏசவில்லை. "கிள்ளாதையும். நான் வாறன்" என்றார்.

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். பொதி கட்டும் அறையில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு மரத்துக்கு முன்னால் இருந்தார். சட்டியை மெல்லச் சுற்றி எல்லாப் பக்கமும் பார்த்தார். நான் கத்தரியைக் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, விரலாலேயே முதல் மொட்டைக் கிள்ளினார். பயிற்றங்காய் கிள்ளுகிற கை. கிள்ளியதைக் கீழே போடவில்லை, மடியில் விரித்த மப்ளரில் போட்டார்.

நாலைந்து மொட்டுக்குப் பிறகு பேசத் தொடங்கினார். என்னைப் பார்க்கவில்லை.

"நான் ஒருக்கா இதை உள்ளுக்குக் கொண்டு வந்தனான் தம்பி. கன காலத்துக்கு முந்தி. வெளியில ஒரே பனி. இவர் வேலையால வர முன்னம் எடுத்து அடுப்படியில வச்சிட்டன். வந்து பாத்திட்டு, ஒரு கதை இல்லை, தூக்கிக்கொண்டு போய் வெளியில வச்சவர். ரெண்டு நாள் என்ர கையால சாப்பிடேல்லை. நான் சொன்னன், நீர் ஒரு கல்நெஞ்சுக்காரன், வாயில்லாச் சீவனைக் குளிருக்குள்ள விட்டிட்டுப் போர்வைக்குள்ள படுக்கிறீர் எண்டு. அதுக்குப் பிறகும் ஒவ்வொரு குளிருக்கும் சொல்லுவன். அவர் ஒண்டும் சொல்லுறேல்லை. எழும்பி அடுப்படி யன்னலால ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வந்து படுப்பார்."

அடுத்த மொட்டைக் கிள்ளினார்.

"அவர் சொல்லியிருக்கலாம், இதுக்குக் குளிர் வேணும் எண்டு. சொல்லேல்லை. நான் கேக்கவும் இல்லை. கல்நெஞ்சுக்காரன் எண்டு கேட்டுக் கேட்டே போயிட்டார்."

அதன் பிறகு அவர் அழுதார். கையை நிறுத்தாமல் அழுதார். நான் சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசி மொட்டு தீர்ந்ததும் மப்ளரின் நாலு முனையையும் சேர்த்து முடிந்து சக்கரப் பைக்குள் வைத்துக்கொண்டார். "மரத்தைப் பாத்துக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை பொறுப்பாளர் ஊன்றுகோலோடு வந்தார். நேரே பொதி கட்டும் அறைக்குப் போய் மண்ணில் விரலை விட்டார். நான் வேலை போய்விடும் என்றுதான் நின்றேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டார். மனோர் பார்க் அறையைப் பற்றி முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "உனக்குக் குளிர்ந்தபோது உனக்கு என்ன வேண்டியிருந்ததோ, அதை மரத்துக்குக் கொடுத்திருக்கிறாய்" என்றார். பிறகு, "என்னை ஏன் கூப்பிடவில்லை?" என்று கேட்டார். சுகமில்லாதவரைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று நினைத்தேன் என்றேன். "தொந்தரவா இல்லையா என்பதை என்னைத் தீர்மானிக்க விட்டிருக்கலாம்" என்றார். அவர் என்னிடம் கோபப்பட்டது அவ்வளவுதான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தச் சொல் எனக்கு உறைக்கிறது.

மரம் பிழைத்தது. சும்மா பிழைக்கவில்லை. இடப்பக்கத்துக் கீழ்க்கிளை முழுதாகக் காய்ந்துபோய், பங்குனியில் அதை வெட்ட வேண்டியிருந்தது. அந்த இடத்தில் இன்றும் ஒரு வெறுமை உண்டு.

ஜூனில் ஆட்டைத் திவசத்துக்கு அக்கா என்னை அழைத்தார். போவதற்கு வெட்கமாக இருந்தது, போகாமல் விட அதைவிட வெட்கமாக இருந்தது. ஐயர் வந்து கிரியைகள் முடித்திருந்தார். முன்னறையில் அவர் கணவரின் படம். அதற்கு மாலை, விளக்கு. படத்துக்கு முன்னால் பூத்தட்டுகளோடு அசேலியா நின்றது. ஒரு பூ இல்லை. புது இலை மட்டும், ஒரு பக்கம் கிளை இல்லாமல். வால்தம்ஸ்டோவிலிருந்து வந்த உறவுக்காரி ஒருவர், "இதென்ன அக்கா, பூவில்லாத செடியை வச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே, "பூக்கேல்லை. ஆனா இருக்குது" என்று சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு வடை வைத்தார்.

அந்த இலையுதிர்காலம் அவர் மரத்தை எங்களிடம் கொண்டுவரவில்லை. தானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். பீப்பாயைத் திரும்ப வைத்து, நுளம்புக்கு அதை ஒரு வலைத்துணியால் மூடிக் கட்டியிருந்தார். பொறுப்பாளரும் நானும் ஒருநாள் போய்ச் சுவரோரம் இடம் பார்த்து, சட்டியைப் புதைத்துக் கொடுத்துவிட்டு வந்தோம். அடுத்த ஜூனில் அது பூத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். ஒரு இலை தெரியாமல் பூத்தது, அந்த வெறுமையான பக்கத்தைத் தவிர. ஆனால் எனக்கு அந்தப் பூவை விட அதிகம் நினைவில் நிற்பது, அதற்கு முந்திய டிசம்பரில் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

லண்டன் முழுக்க உறைந்து கிடந்த ஒரு காலை. நர்சரியைத் திறந்து கோட்டைக் கூடக் கழற்றவில்லை, மணி அடித்தது. எடுத்தேன். அக்கா. அடுப்படியிலிருந்து பேசுகிறார் என்பது தெரிந்தது, கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. மரத்துக்கு ஏதோ ஆகிவிட்டது, அல்லது மனம் பொறுக்காமல் உள்ளே எடுத்துவிட்டார் என்று பயந்துபோனேன்.

"எங்க அக்கா மரம்?" என்றேன்.

"வெளியிலதான் நிக்குது தம்பி" என்றார். "நான்தான் யன்னலடியில நிண்டு நடுங்கிக்கொண்டிருக்கிறன். அவரும் இந்த இடத்திலதான் நிண்டு எட்டிப் பாக்கிறவர்."